சைகோனில் இடப்பக்க இருக்கை

கப்பலை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது அண்ணனை அல்ல, அண்ணனின் காரைத்தான். துறைமுக வாசலில் ரிக்‌ஷாக்களுக்கும் குதிரை வண்டிகளுக்கும் நடுவே பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பித்தளை விளக்குகள், மர ஆரக்கால் வைத்த சக்கரங்கள், மடக்கும் துணிக்கூரை, ரப்பர் குமிழை அமுக்கினால் எருமைபோல் கத்தும் ஹாரன். ‘இந்த மனிதர் இன்னும் இதை விடவில்லையா’ என்று எரிச்சல் வந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை வெளியே காட்டினால் அண்ணனைப் பிடிக்க முடியாது என்பதால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன்.

அந்தக் காரிலிருந்து அண்ணனை இறக்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். அண்ணனுக்குக் கண்ணில் புரை. வைத்தியத்துக்கு ஊருக்கு வரமாட்டேன் என்கிறார், காரை ஓட்டுவதையும் நிறுத்தமாட்டேன் என்கிறார் என்று சைகோனிலிருந்து திரும்பியவர்களிடம் அண்ணமிண்டி சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணன் மனைவியை எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். “அவுக தங்கச்சி சொன்னாத்தான் கேப்பாக, வள்ளியை வரச் சொல்லுங்க” என்றார்களாம். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். ஆனால் கார் என்றால் எங்கள் வீட்டில் அண்ணனும் நானும் ஒரு கட்சி. அந்த ஒரு காரணத்துக்காக என்னை இந்த வேலைக்குப் பிடித்தார்கள்.

கப்பலைப் பற்றி எழுதினால் மறுபடியும் வயிற்றைப் புரட்டும், விட்டுவிடுகிறேன்.

இந்தக் கார் எப்படி அங்கே போனது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் கப்பலில் ஏற்றாத பொருள் கிடையாது. பர்மாவிலிருந்து தேக்கு வரும், எங்கிருந்தோ கண்ணாடி வரும், பீங்கான் வரும். அதே பழக்கத்தில் அண்ணன், சைகோனில் கொடுக்கல் வாங்கல் கடைக்குப் பொறுப்பாக வந்தபோது, ஊறுகாய்ச் சாடியோடும் அரிவாள்மணையோடும் தன் காரையும் கப்பலில் ஏற்றிவிட்டார். ஒரு விஷயத்தை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. நம் ஊரில் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம், அதற்கேற்ப ஓட்டும் சக்கரம் பிடிப்பவர் வலது பக்கம் உட்காருகிறார். பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் ஊரில் சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். ஆகையால் அண்ணன் இங்கே சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார். முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தனை வருடம் அந்த இடத்தில் அண்ணமிண்டி உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத் துறைமுகத்தில் பின்பக்கக் கதவைத் திறந்து ஏறி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

“வள்ளி, நீ முன்னாலே ஏறு. நான் உக்காந்ததெல்லாம் போதும். எனக்கு நெஞ்சு படபடன்னு வருது.”

“நானா? எல்லாரும் பாக்குறாகளே!”

“பாத்தா பாக்கட்டும். இந்த ஊருல ஆரு உன்னைப் பொண்ணு கேக்கப் போறா?”

அண்ணன் இதையெல்லாம் காதில் வாங்காமல் காரின் முன்னால் போய்க் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினார். இரண்டாவது சுற்றில் என்ஜின் பிடித்தது. எழுபதை நெருங்கும் மனிதர், மணிக்கட்டுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் அதைச் செய்வதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. கட்டைவிரலை மடக்கிப் பிடித்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும்போது எலும்பு முறிந்துவிடும். விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்க வேண்டும். அண்ணனுக்கு அது மறக்கவில்லை.

ஏறி உட்கார்ந்ததும் எனக்குச் சட்டம் சொன்னார். “இந்தா பாரு ஆத்தா, கத்த வேண்டாம். என் கையிலே ஒரு தட்டு தட்டினா, வழி இருக்கு, முந்தலாம். ரெண்டு தட்டு தட்டினா, பொறு. அம்புட்டுத்தான்.”

வாயைத் திறக்க வேண்டாம் என்றதும் எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. வீடு வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தேன். பின்னாலிருந்து அண்ணமிண்டி மாரியம்மனை ஒவ்வொரு திருப்பத்திலும் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள்.

மறுநாள் காலையில் காப்பிக்கே பொறுமை போய்விட்டது. கோப்பையின் மேல் ஒரு தகர வடிகட்டியைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அதிலிருந்து காப்பி சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. இறங்குவதற்குள் ஒரு ஆள் குளித்துவிட்டு வந்துவிடலாம். அதில் டப்பாப் பாலை ஊற்றுகிறார்கள். குடித்தால் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சமையலிலிருந்து மீன் ஊறிய தண்ணீரின் வாடை வந்துகொண்டே இருந்தது. எதில் ஊற்றினாலும் அதை ஊற்றுகிறார்கள் என்றார்கள் அண்ணமிண்டி. மூன்று வேளையும் தயிர்ச்சோற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

வாசலில் கோலம் போடுவதற்கு முன்பு கார்ச் சக்கரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். மர ஆரக்கால்கள் காய்ந்தால் சுருங்கிக் கிறீச்சிடும், ஆடிப்போகும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது நியாயம். அடிக்கடி மழை கொட்டும் சைகோனில் எதற்கு என்று கேட்டேன். “அவுககிட்ட கேளு” என்று அண்ணமிண்டி குடத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள். சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றியபோது காலமாகிவிட்ட என் வீட்டுக்காரர் நினைவு வந்தது. அவரும் இப்படித்தான். எங்களிடம் இருந்தது, மூன்று மிதிகளைக் காலால் மாற்றி மாற்றி அமுக்கி ஓட்டும் கருப்பு வண்டி. பெட்ரோலைத் தகர டின்னில் வாங்கி, என் பழைய சேலைத்துணியில் வடிகட்டி ஊற்றுவார். அதில் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில், பம்பு கிடையாது. பெட்ரோல் தானாக இறங்கி என்ஜினுக்குப் போக வேண்டும். ஒருமுறை கொடைக்கானல் மலையேறும்போது மேட்டில் பெட்ரோல் இறங்காமல் என்ஜின் நின்றுவிட்டது. அவர் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மலையேற்றினார். வழியெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன், ஆனால் விரலிடுக்கில் அவர் மிதிகளை எப்படி மாற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்து மதிலுக்குள் எனக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். தெருவுக்கு ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் ஊரில் என்ன பேசியிருப்பார்கள்!

சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பெரிய சந்தைக்குப் பக்கத்தில்தான். அம்மனைக் கும்பிட நம் ஆட்களைவிட அந்த ஊர் ஜனங்கள் அதிகம் வந்திருந்தார்கள். கட்டுக்கட்டாக ஊதுவத்தி கொளுத்தியதில் எனக்குப் புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளியே வந்தால் அண்ணனுடைய சிநேகிதர் சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார். காரைக்கால்காரர், சுங்கத்தில் உத்தியோகம், தொப்பியும் கழுத்துப்பட்டையுமாக இருந்தார். மனைவியின் வேண்டுதலுக்காக எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். தெருவில் அவருடைய புதுக் கார். நாலு பக்கமும் மூடி, கண்ணாடி போட்டு, துணி அலமாரிக்குச் சக்கரம் வைத்ததுபோல் இருந்தது.

“போன்ழூர் முசியே செட்டியார்!” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார் சவரிமுத்து. “இந்தப் பீரங்கியை இன்னும் அருங்காட்சிச் சாலைக்கு அனுப்பலையா? நம்ம வண்டியைப் பாரும். ஒரு பொத்தான். அமுக்கினா போதும், கிளம்பிடும். கையைச் சுத்தி வேர்க்கிற வேலையெல்லாம் கிடையாது.”

“அமுக்கும், பாப்போம்” என்றார் அண்ணன்.

சவரிமுத்து ஏறி உட்கார்ந்து அமுக்கினார். உள்ளேயிருந்து இருமல்போல் ஒரு சத்தம் வந்தது. மறுபடி அமுக்கினார். அதுவும் நின்றுபோயிற்று. பாட்டரியில் உயிர் இல்லை. அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

“என்ன முசியே, பொத்தானுக்கு இன்னைக்கு விரதமா?”

“மழை ஈரம் செட்டியாரே, சிரிக்காதீரும். வந்து ஒரு கை தள்ளும்.”

அந்தக் காரைத் தள்ளியது நான்கு ரிக்‌ஷாக்காரர்களும் அண்ணனும். எனக்கோ உள்ளுக்குள் கொதித்தது. பழைய வண்டிகளைப் பற்றி நான் எப்போதும் சொல்வது இதைத்தான். அவை கெட்டுப்போவதற்கு முன்பு சொல்லிவிட்டுக் கெட்டுப்போகும். முனகும், புகையும், நாற்றம் அடிக்கும். இந்தப் புது வண்டிகள் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போகின்றன. ஆனால் இதை அன்றைக்குப் பார்த்து நிரூபிக்க வேண்டுமா? அண்ணனிடம் கண் வைத்தியத்தைப் பற்றிப் பேச நான் எடுத்து வைத்திருந்த பேச்செல்லாம் அந்தத் தெருவிலேயே போயிற்று.

இரவுச் சாப்பாட்டில் எப்படியோ தொடங்கினேன். “அண்ணே, இடது கண்ணு சுத்தமாத் தெரியலையாமே.”

“இடது பக்கம் பாக்கத்தான் ஆள் உக்காந்திருக்கே. அப்பறம் இடது கண்ணு எதுக்கு?”

“நாளைக்கு நான் ஊருக்குப் போயிட்டா?”

“உங்க அண்ணமிண்டி வருவா.”

“வரமாட்டேன்” என்றார்கள் அண்ணமிண்டி அடுப்படியிலிருந்து.

“ஓட்டுறதுக்கு ஒரு ஷோஃபர் வச்சுக்கிட்டா என்ன?”

“கியரை அரைச்சுப்புடுவான்” என்று அண்ணன் இலையை மடித்து எழுந்துவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது. வலது கண் கழுகுக் கண் என்று கைகழுவும்போது ஒரு தடவை சொன்னார். நானும் நம்பினேன்.

அடுத்த நாள் லாய் தியூ தோட்டங்களுக்குப் போகலாம் என்றார். சைகோனுக்கு வடக்கே, துதாமோட் போகும் சாலையில் இருக்கிறது. மங்குஸ்தான் பழம் பறிக்கும் காலம், வள்ளி ஒருமுறை தின்றுவிட்டுப் போகட்டும் என்றார். அண்ணமிண்டி தலைவலி என்று படுத்துக்கொண்டார்கள். நானும் அண்ணனும் மட்டும் கிளம்பினோம். டான் சோன் நாட் பக்கம் ஆகாயவிமானம் இறங்கும் மைதானம் இருக்கிறதாம், அதைக் காட்டுகிறேன் என்று சுற்றிக்கொண்டு போனார். போனால் மைதானத்தில் புல்லும் இரண்டு ஆடுகளும்தான் இருந்தன. “நேத்து வந்திருக்கணும்” என்றார். எதைக் கேட்டாலும் இந்தப் பதில்.

போகும் வழியில்தான் அது நடந்தது. ஒரு பெண் தோளில் கம்பு வைத்து, இரு முனையிலும் கூடை தொங்கவிட்டு, சாலையின் வலது ஓரமாக எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் என் வேலையான இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு சத்தம். காரின் முன்சக்கரக் காப்பு பின்கூடையில் இடித்து, அவள் சுழன்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மங்குஸ்தான் பழங்கள் சாலையெல்லாம் உருண்டன. நல்லவேளை, அடி இல்லை. அவள் எழுந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்துப் பொரிந்தாள். அண்ணனுக்கு அந்தப் பாஷை நன்றாகத் தெரியும். நாங்கள் இறங்கிப் பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தோம். நசுங்கியவற்றை எல்லாம் அண்ணனே வாங்கிக்கொண்டார்.

“என்ன சொல்றா?”

“கண்ணை வீட்டிலே வச்சுட்டு வந்தியா கிழவான்னு கேக்கிறா. குறுக்கே வந்தது அவ.”

அவள் குறுக்கே வரவில்லை. நேராகத்தான் போனாள், அதுவும் வலது பக்கம். அண்ணனுடைய பக்கம். கழுகுக் கண்ணின் பக்கம். அவர் பழம் பொறுக்கியபோதும் கவனித்தேன், காலடியில் கிடந்ததைக் கையால் தடவித்தான் எடுத்தார்.

தோட்டத்தில் தின்ற மங்குஸ்தான் வாயில் இனிக்கவேயில்லை. நசுங்கிய பழத்தின் சாறு என் வெள்ளைச் சேலையில் பட்டு, எவ்வளவு தேய்த்தும் போகாத கறையானது வேறு. திரும்பும்போது மனதுக்குள் ஒரு முடிவு செய்தேன். நான் அண்ணனோடு வாதாடி ஜெயிக்க முடியாது. சத்தம் போடவும் எனக்கு வராது. ஆனால் கையை மடியில் வைத்துக்கொள்ள முடியும்.

சீக்கிரமே சந்தர்ப்பம் வந்தது. முன்னால் எருமைகள் பூட்டிய வைக்கோல் வண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு போனது. அண்ணன் வேகத்தைக் குறைத்து அதன் பின்னால் ஊர்ந்தார்.

“பாரு ஆத்தா. தட்டு.”

நான் தட்டவில்லை.

“எதிரே ஏதும் வருதா?”

“தெரியாது. நீங்களே பாருங்க.”

“நான் எப்படிப் பாக்கிறது? நடுவிலே இம்புட்டு வைக்கோல் இருக்கு!”

“அப்ப பின்னாலேயே போங்க. நான் இனிமே தட்டமாட்டேன். ஊருக்கு வந்து கண்ணைக் காட்டுறேன்னு சொல்லுங்க, தட்டுறேன்.”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. “ஓகோ, சத்தியாக்கிரகமா!” என்றார். “சரி. நானும் இந்த வண்டிக்குப் பின்னாலேயே சைகோன் வரைக்கும் வாரேன். ஆரு செயிக்கிறான்னு பாப்போம்.”

அப்படியே ஊர்ந்தோம். என்ஜின் சூடேறி, முன்னால் ஆவி பறந்தது. மாலை வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுந்து கன்னத்தைச் சுட்டது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. ஓட்டும் சக்கரம் இடது பக்கம் இருக்கும் வண்டிகளுக்கு என்ன கவலை, எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக முந்திப் போயின. வாத்துக் கூண்டுகளைக் கூரையில் ஏற்றிய ஒரு பஸ்கூட எங்களை முந்திப் போனது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் கையை எடுக்கவில்லை. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

ஒற்றைப் பனை நின்ற இடத்தில் வைக்கோல் வண்டி சாலையை விட்டு வயல்வழியில் இறங்கித் திரும்பிவிட்டது. முன்னால் சாலை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ‘சரி, எருமைக்காரன் அண்ணனைக் காப்பாற்றிவிட்டான், இனி பறப்பார், என் சண்டை அவ்வளவுதான்’ என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கூரைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கார் பறக்கவில்லை. அதே நடை. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது, வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன். வெறுஞ்சாலையில் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு எருமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கார் வந்தது. எங்கள் பக்கத்தில் வந்ததும் அதை ஓட்டியவர் தலையை நீட்டி ஏதோ கத்தினார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். முந்திப் போய்விட்டார்கள்.

“என்ன சொல்றான்?”

“எந்தச் சாவுக்குப் பின்னாலே இப்படிப் போறீகன்னு கேக்கிறான்.” அண்ணன் முகத்தைச் சுளித்தார். “மடையன். வைக்கோல் வண்டி முன்னாலே போறது இவனுக்குத் தெரியலையா?”

வெறும் சாலையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நான் பேசாமல் இருந்ததுதான் அவருக்குச் சொல்லிவிட்டது போலிருக்கிறது. காரை மெதுவாக ஓரம்கட்டி நிறுத்தினார்.

“வள்ளி. வண்டி இருக்கா?”

“இல்லண்ணே. திரும்பிப் போயிருச்சு.”

“எப்ப?”

“அந்தப் பனை மரத்துக்கிட்டயே.”

“எந்தப் பனை மரம்?”

அவர் என்ஜினை அணைத்தார். ஆவி மட்டும் சீறிக்கொண்டிருந்தது. எதிரே சாலையில் மர நிழல்கள் கட்டிகட்டியாகக் கிடந்தன. அவற்றில் ஒன்றைத்தான் வைக்கோல் என்று நினைத்துத் தொடர்ந்து வந்திருக்கிறார். காலையில் அந்தப் பெண் இருந்த இடத்தில் ஒரு குழந்தை நடந்து போயிருந்தால் என்று நினைத்தேன். அண்ணனும் அதைத்தான் நினைத்திருப்பார். கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டார்.

பிறகு, “மாப்பிள்ளை உனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தாருல்ல?” என்றார்.

“மதிலுக்குள்ளதான்.”

“எறங்கு. இந்தப் பக்கம் வா.”

என் வாழ்க்கையில் நான் தெருவில் கார் ஓட்டியது அன்று ஒருநாள்தான். அதைச் சுகமான அனுபவம் என்று யாராவது நினைத்தால் தவறு. கிளட்சுக்குத் தோல் போட்ட பழைய முறை. விட்டால் குதிரைபோல் தாவும், விடாவிட்டால் நகராது. கியர் நெம்புகோல் கதவுக்கு வெளியே இருக்கிறது. முந்தானை அதில் மாட்டிக்கொண்டது. இடப்பக்கத்தில் இப்போது அண்ணன், அவர் எதையும் பார்த்துத் தட்டப்போவதில்லை. ஆகையால் நான் ஒன்றையும் முந்தவில்லை. ரிக்‌ஷாவுக்குப் பின்னால், வாத்து மந்தைக்குப் பின்னால், கோணல் சக்கரத்தோடு போன ஒரு சைக்கிளுக்குப் பின்னால் வந்தேன். வாடகைக் குதிரை வண்டிகள் எல்லாம் எங்களை முந்தின. அந்த வண்டிகளுக்கு அங்கே ‘மலபார்’ என்று பெயர், ஒரு காலத்தில் நம் ஆட்கள் ஓட்டியதாம். இன்று நம் ஆட்களை அவை முந்திப் போயின.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். “இப்ப மாத்து. இல்ல, பொறு, பொறு. ம், இப்ப.” ஒருதடவைகூடத் தவறாகச் சொல்லவில்லை. நான்தான் இரண்டு முறை கியரை அரைத்தேன். அவருக்கு அது உடம்பில் வலித்தது என்று முகத்தில் தெரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அண்ணமிண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து, காலால் தரையைத் தேடி இறங்குவதைப் பார்த்தார்கள். பிறகு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். விறுவிறுவென்று உள்ளே போனார்கள். சற்று நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

அண்ணன் காரின் சூடான என்ஜின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

“அந்தத் தகரப் பெட்டி வேணாம்!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “கப்பல்லே துருப்பிடிச்சுப் போகும். தோல் பெட்டிய எடு!”